1913க்கு அடித்தால் என்ன ஆகும்?

வாசகர் கேள்வி, 6 ஜூலை 2025
சென்னை மாநகராட்சிக்கும் நமக்கும் வரி கட்டுவதைத் தவிர என்ன சம்பந்தம்? மாநகராட்சியின் புகார் எண் 1913க்குப் போன் செய்தால் வேலை நடக்கும் என்கிறார்கள் சிலர். எல்லாம் கண்துடைப்பு என்கிறார்கள் சிலர். வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள் இரண்டு பேருமே சொல்லுங்கள்.

6 ஜூலை, இரவு
நான் இரண்டுமே. ஆற்காடு சாலைக்கு உள்ளே தள்ளி ஒரு தெருவில் ஜெராக்ஸ் கடை. வீடும் அதே தெரு. எங்கள் பகுதி 2011 வரை தனி நகராட்சி. அந்த வருஷம்தான் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னையை 426 ஆக்கினார்கள். ஒரே இரவில் நாங்களும் "சென்னை" ஆனோம். வாடகை மட்டும் உடனே அதைப் புரிந்துகொண்டது.

என் பதில் இதுதான். காகிதம் வேண்டுமென்றால் மாநகராட்சி இன்றைக்கு ரொம்பவே தேவலை. தெருவில் ஒன்று நடக்க வேண்டுமென்றால் அது வேறு கதை. இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் ஒருவர் "சூப்பர்" என்கிறார், இன்னொருவர் "மோசம்" என்கிறார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

காகிதத்துக்கு உதாரணம் பிறப்புச் சான்றிதழ். பதிவு சரியாக இருந்தால் இணையத்தில் தேடி, இறக்கி, என் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விடலாம். சான்றிதழ் இலவசம். பிரிண்டுக்கு நான் வாங்குவது மட்டும்தான் செலவு. எங்கள் அப்பா காலத்தில் இதற்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு, தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

சிக்கல் வருவது பெயர் சேர்க்காத சான்றிதழில். ஆஸ்பத்திரியில் பிறந்ததும் பதிவாகிவிடும், பெயர்ப் பகுதி காலியாக இருக்கும். ஒரு வருஷத்துக்குள் சேர்த்தால் கட்டணம் கிடையாது. தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை சேர்க்கலாம். நம் ஆட்களோ பள்ளிக்கூட அட்மிஷனுக்கு முதல்நாள் மாலைதான் ஓடி வருவார்கள். குழந்தைக்கு அதற்குள் வீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாட்டி கூப்பிடும் பெயர் ஒன்று என்று மூன்று இருக்கும். இதில் மாநகராட்சியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

7 ஜூலை
"இணையம் தெரியாதவர் என்ன செய்வார்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னிடம் வருவார். என் பிழைப்பே அதுதான், சும்மா சொல்லவில்லை.

சொத்து வரி கட்ட மண்டல எண், வார்டு எண், பில் எண், உப எண் என்று நான்கு கட்டம் நிரப்ப வேண்டும். பழைய ரசீது இருந்தால் ஒரு நிமிஷ வேலை. ரசீது இல்லாமல் வந்து "மாமா பெயரில் இருக்கும், பாருங்களேன்" என்றால் அரைமணி நேரம். மாமா காலமாகியிருப்பார், பெயர் மாற்றம் செய்திருக்க மாட்டார்கள். பெயர் மாற்றத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று சொன்னால் "பத்திரம் பேங்க்ல இருக்கு" என்பார்கள்.

இன்னொன்று. ஏப்ரல் 30க்குள், அடுத்த அரையாண்டுக்கு அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஏப்ரல் கடைசி வாரத்தில் வரிசையாக வருபவர்கள் எல்லாரும் பெரியவர்கள். இளவட்டங்கள் நோட்டீஸ் வந்த பிறகுதான்.

7 ஜூலை, சற்று நேரம் கழித்து
வரியை ஏற்றியதைப் பற்றிப் பேசாமல் ஊக்கத்தொகையை மட்டும் சொல்கிறேன் என்று ஒரு நண்பர் கோபப்படுகிறார். சரி. 1998க்குப் பிறகு 2022ல்தான் சென்னையில் பொதுச் சீராய்வு நடந்தது. பழைய சென்னையில் வீடுகளுக்கு அளவைப் பொறுத்து 50 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. எங்களைப் போலப் பின்னால் சேர்ந்த பகுதிகளுக்கு 25 முதல் 100 வரை. 24 வருஷம் தொடாமல் வைத்திருந்து ஒரேயடியாக ஏற்றினால் வலிக்கத்தான் செய்யும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். தேர்தல் வரும் வருஷத்தில் அதற்குத் துணிச்சல் யாருக்கு வரும்?

9 ஜூலை
இப்போது தெரு. 1913 என்பது புகார் எண். ரிப்பன் மாளிகை திறந்த வருஷமும் அதேதான், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி. நம்ம சென்னை செயலியிலும் போடலாம், வாட்ஸ்அப்பும் வந்திருக்கிறது.

எந்தப் புகார் நடக்கிறது என்றால், ஒரே துறை, ஒரே ஆள், ஒரே நாளில் முடிக்கக்கூடியது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் இருக்கும் எண்ணோடு சொல்லுங்கள். "எங்க தெரு முனையில ஒரு லைட்டு" என்று சொல்லாதீர்கள். சென்னையில் எத்தனை தெரு முனை! கம்ப எண்ணைக் கொடுத்த என் அனுபவம் நல்லதாகவே இருக்கிறது. செத்த நாயை அகற்றுவது, விழுந்த மரக்கிளை, நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி, இவையும் அப்படித்தான்.

எது நடக்காது என்றால், பாதிப் புகார்கள் மாநகராட்சியுடையதே இல்லை. மழைநீர் வடிகால் மாநகராட்சி. கழிவுநீர் மேன்ஹோல் குடிநீர் வாரியம். அது 1978லேயே தனியாகப் பிரிந்துவிட்டது, தண்ணீர் வரியும் அங்கேதான். மழை பெய்து இரண்டும் ஒன்றாகக் கலந்து வீட்டு வாசலில் நிற்கும்போது எந்தத் தண்ணீர் யாருடையது என்று முகர்ந்துதான் பார்க்க வேண்டும். தெருவிளக்கு மாநகராட்சி, அதற்குப் பக்கத்தில் தொங்கும் வயர் மின்வாரியம். உள்தெரு மாநகராட்சி, ஆற்காடு சாலை நெடுஞ்சாலைத்துறை. அதிலேயே மெட்ரோ ரயில் வேலை நடக்கும் இடம் மெட்ரோ நிறுவனம். ஒரு பள்ளத்துக்கு நான்கு உரிமையாளர். நாம் விழும்போது மட்டும் அது அனாதைப் பள்ளம்.

நியூயார்க்கில் 311 என்று ஒரே எண் இருக்கிறதே, அதுபோல வரக்கூடாதா என்று கேட்கலாம். எண்ணை ஒன்றாக்குவது சுலபம். அங்கே குடிநீரும் சாலையும் குப்பையும் நகர அரசின் துறைகள். மேயருக்குக் கீழே வருகின்றன. இங்கே குடிநீர், மின்சாரம், பேருந்து, போலீஸ், கட்டட அனுமதியில் பெரும்பங்கு, எல்லாம் மாநில அரசின் கையில். மேயருக்கு அங்கி இருக்கிறது, செங்கோல் இருக்கிறது. கமிஷனரை நியமிப்பது கோட்டை.

10 ஜூலை
மேலே ஒருவர்: "முகர்ந்து பார்க்கத் தேவையில்லை, கலரே சொல்லும்."
அனுபவஸ்தர்.

13 ஜூலை
கடைக்காரர் பக்கம் யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

கடைக்காரருக்கு மாநகராட்சி என்றால் தொழில் உரிமம், தொழில்வரி, பெயர்ப்பலகை, பிளாஸ்டிக் சோதனை. தொழில்வரி அரையாண்டுக்கு. எவ்வளவு சம்பாதித்தாலும் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது, ஏனென்றால் வருஷத்துக்கு 2,500 என்று அரசியல் சட்டமே உச்சவரம்பு போட்டிருக்கிறது. இது பெரிய தொந்தரவு இல்லை. பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி முதல். என் கடைக்கு அதுவும் பெரிய பாதிப்பில்லை, பக்கத்து டிபன் கடைக்காரருக்குத்தான் தலைவலி.

உரிமம்தான் நெளிவு சுளிவான விஷயம். விண்ணப்பம் இணையத்தில்தான். வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை, கட்டடத்தின் சொத்து வரி ரசீது கேட்பார்கள். இந்தக் கடைசி ஒன்றில்தான் பாதிப் பேர் நிற்கிறார்கள். கட்டடம் வீடு என்று வரி போடப்பட்டிருக்கும். கீழே முன்பக்க அறையை ஷட்டர் வைத்துக் கடையாக்கி வாடகைக்கு விட்டிருப்பார்கள். வணிகம் என்று மாற்றினால் வரி கூடும், அதனால் வீட்டுக்காரர் மாற்ற மாட்டார். "ரசீதை மட்டும் கேக்காதீங்க தம்பி, வேணும்னா வாடகையில நூறு ரூபா குறைச்சுக்கோங்க" என்பார். கடைக்காரர் உரிமம் இல்லாமல் ஓட்டுவார். சோதனை வரும்போது நோட்டீஸ் கடைக்காரருக்கு. சீல் வைத்தால் ஷட்டரும் கடைக்காரருடையது. கட்டட உரிமையாளர் மாடியில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், மாற்றிக் கொடுத்தார். கூடுதல் வரியை வாடகையில் ஏற்றிவிட்டார், அது வேறு விஷயம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "தொழில் செய்வதை எளிதாக்குகிறோம்" என்று விண்ணப்பத்தை எவ்வளவு எளிதாக்கினாலும் இந்த முடிச்சு அவிழாது. சின்னக் கடைகளில் எத்தனை பேர் வாடகைக்காரர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உரிமம் கேட்டு வரும் வாடகைக்காரரின் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டே கட்டடத்துக்கு மறுமதிப்பீடு செய்து, வரியை உரிமையாளர் தலையில் போட்டால் என்ன? அப்படிச் செய்தால் உரிமையாளர் கடையைக் காலி செய்யச் சொல்வாரே என்று என் தம்பி கேட்டான். அதுவும் சரிதான். எனக்கும் முழு விடை தெரியவில்லை.

13 ஜூலை, மாலை
தெருவோரக் கடைக்காரர்களை விட்டுவிட்டேன் என்று சுட்டிக்காட்டியவருக்கு: அவர்களுக்கு 2014 சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஷட்டர் போட்ட எனக்கு அப்படி ஒரு குழு கிடையாது. பழக்கடை அக்கா இதைக் கேட்டுவிட்டு, "வா, தள்ளுவண்டி எடுத்துக்கோ, மெம்பர் ஆகிடலாம்" என்கிறார்.

15 ஜூலை
இன்று சிதம்பரத்தில் "உங்களுடன் ஸ்டாலின்" முகாம்களைத் தொடங்கிவைத்திருக்கிறார்கள். மாநிலம் முழுக்க 10,000 முகாம். என் கடையில் காலையிலிருந்து ஒரே கூட்டம். முக்கால்வாசிப் பேர் கேட்பது மகளிர் உரிமைத்தொகை. சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு வந்தவர் ஒருவர்தான்.

முகாமைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. பல துறைகள் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பது பெரிய விஷயம். நான் 9ஆம் தேதி சொன்ன "யாருடைய பள்ளம்" பிரச்சினைக்கு அந்த ஒரு நாளாவது விடை இருக்கும், மின்வாரியமும் மாநகராட்சியும் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஆனால் அலுவலகத்தில் நடக்க வேண்டியதுதானே பந்தலில் நடக்கிறது? பந்தலைப் பிரித்த மறுநாள் என்ன என்பதுதான் கேள்வி. 2023ல் மேயர் மண்டலம் மண்டலமாகப் போய் மனு வாங்கியபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டோம்.

போகட்டும். டோனர் தீர்ந்துவிட்டது, வாங்கப் போகிறேன்.

19 ஜூலை
"நம் மக்களுக்கு அக்கறை இல்லை, கூட்டத்துக்கு வரமாட்டார்கள்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. பழக்கம் விட்டுப்போனது என்பேன்.

1688ல் தொடங்கிய மாநகராட்சி இது, இந்தியாவிலேயே பழையது. ஆனால் 1973லிருந்து 1996 வரை இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே கிடையாது. 23 வருஷம் அதிகாரிகளே நடத்தினார்கள். பிறகு 2016 அக்டோபரில் மாமன்றக் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் வர்தா புயல், 2019 தண்ணீர்ப் பஞ்சம், கொரோனா, எல்லாம் வந்து போயின. கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. 2011ல் சேர்ந்த எங்கள் பகுதியில் கவுன்சிலரைப் பார்த்துப் பேசும் பழக்கம் வருவதற்குள் கவுன்சிலரே இல்லாமல் போனார்.

அந்த ஐந்து வருஷத்துக்கும் மேலான காலத்தில்தான் செயலியில் புகார் போடும் பழக்கம் எங்களுக்கு ஊறியது. பேச ஆள் இல்லை, போன் இருந்தது.

20 ஜூலை
நேற்று எழுதியதன் மிச்சம்.

செயலியில் புகார் போடும்போது நான் தனி ஆள். என் விளக்கு, என் வாசல் குப்பை, என் புகார் எண். அது தப்பில்லை. ஆனால் குப்பைத்தொட்டியை எங்கே வைப்பது என்பதற்குத் தனி ஆள் விடை சொல்ல முடியாது. என் வாசலிலிருந்து எடுக்கச் சொல்லி நான் புகார் போடுவேன், எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு வாசலில் வைப்பார்கள், எதிர்வீட்டுக்காரர் போடுவார். இரண்டு புகாரும் "தீர்க்கப்பட்டது". தொட்டி மட்டும் தெருவை அளந்துகொண்டிருக்கும். வண்டி நிறுத்துவது, வேகத்தடை, எந்தப் பக்கம் வடிகால், பழக்கடை அக்கா எங்கே நிற்பது, எல்லாம் இதே ரகம்தான். தெருவில் இருப்பவர்கள் முதலில் தங்களுக்குள் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டியவை.

அதற்கு ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது. பெயர் பகுதி சபை. கிராமசபை போல நகரத்துக்கு. 2022ல் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் முதலமைச்சரே பம்மலில் ஒன்றில் கலந்துகொண்டார். சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதிகள், 200 வார்டு. கணக்குப் போட்டால் 2,000 சபைகள். இந்த இழையில் இருப்பவர்களில் எத்தனை பேர் உங்கள் பகுதி சபைக்குப் போயிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள்.

21 ஜூலை
ஒரே ஒரு கை. அவரும் "வேறு வேலையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அங்கே கூட்டம் நடந்துகொண்டிருந்தது" என்கிறார்.

23 ஜூலை
கை தூக்கியவர் விவரமாக எழுதியதற்கு நன்றி. அவர் சொல்வதில் முக்கியமானது, வந்தவர்களில் பெரும்பாலோர் கட்சிக்காரர்கள், மிச்சப்பேர் குடியிருப்போர் சங்கத் தாத்தாக்கள். கடைக்காரர் யாரும் இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவரும் இல்லை. எங்கள் தெருவில் எண்ணினால் வாடகைக்காரர்களே அதிகம், எல்லாக் குப்பையிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. கூட்டத்தில் மட்டும் இல்லை.

பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டால் கடைக்காரன் எப்படி வருவான்? ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போடட்டும், நான் டீ செலவை ஏற்கிறேன்.

26 ஜூலை
"கூட்டத்தால் என்ன சாதித்தீர்கள்" என்று கேட்டவருக்கு. சபை இல்லை, தெருக்காரர்கள் சேர்ந்தது, இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்குப் புதுச்சாலை போடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தது. பழைய சாலைமேலேயே தார் போட்டால் ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்து, வீடு தாழ்ந்து, மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. மில்லிங் என்பார்கள். மாடி வீட்டு ரிட்டயர்டு சார், தரைத்தள வீட்டுக்காரர்கள், நான், டிபன் கடைக்காரர் எல்லாரும் போய் ஏ.இ.யை, அதாவது மாநகராட்சி உதவிப் பொறியாளரைப் பார்த்தோம். "எத்தனை மில்லிமீட்டர் சுரண்டுவீங்க?" என்று சார் கேட்டார். ஏ.இ. அவரை ஒரு பார்வை பார்த்தார், பிறகு ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொன்னார். இரவு இயந்திரம் வந்தது, சுரண்டினார்கள், போட்டார்கள். பழைய மட்டம் அப்படியே. நாங்கள் கேட்காமல் இருந்தாலும் சுரண்டியிருப்பார்களோ என்னவோ. ஆனால் அன்று ராத்திரி தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

விவரம் வாய்மொழியாகக் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமை மனு போடலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். படிவத்துக்கு என் கடைக்கு வாருங்கள் என்று விளம்பரம் செய்ய மாட்டேன்.

3 ஆகஸ்ட்
ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 5, 6ஆம் மண்டலங்கள், அதாவது ராயபுரமும் திரு.வி.க. நகரும், தனியாருக்குப் போவதை எதிர்த்து. சம்பளம் குறையும் என்கிறார்கள், பணி நிரந்தரம் கேட்கிறார்கள்.

இழைக்குச் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொல்வதற்கு முன்: இருக்கிறது. நம்மில் பலருக்கு மாநகராட்சி என்றால் தினமும் பார்க்கும் ஒரே முகம் பேட்டரி வண்டி ஓட்டிவரும் அந்த அக்காதான். பெரும்பாலான மண்டலங்களில் ஏற்கெனவே அவர் மாநகராட்சி ஊழியர் இல்லை, நிறுவனத்தின் ஆள். அவரிடம் தெருப் பிரச்சினையைச் சொன்னால் "சூப்பர்வைசர்கிட்ட சொல்றேன்" என்பார். சூப்பர்வைசர் கம்பெனி. கம்பெனி ஒப்பந்தத்தைப் பார்க்கும்.

6 ஆகஸ்ட்
"தனியார் வந்த பிறகு எங்கள் பகுதி சுத்தமாக இருக்கிறது" என்று இரண்டு பேர். இருக்கலாம், எங்கள் தெருவிலும் வண்டி நேரத்துக்கு வருகிறது. நான் சுத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. வேலை செய்பவரின் கூலியைக் குறைத்துத்தான் அந்தச் சுத்தம் வர வேண்டுமா என்பதை நம்மிடம் யாரும் கேட்கவில்லை. 2021 ஜனவரியில் குப்பைக்குத் தனிக் கட்டணம் என்றபோது நாமெல்லாம் சத்தம் போட்டோம், நிறுத்தி வைத்தார்கள். ஆக நம் குரல் கேட்கிறது. நம் பணத்தைத் தொட்டால் எழுப்புகிறோம்.

14 ஆகஸ்ட்
நேற்று உயர் நீதிமன்ற உத்தரவு, நள்ளிரவில் கைது. 13 நாள் போராட்டம் அப்படி முடிந்தது. இன்று அமைச்சரவை கூடி இலவசக் காலை உணவு உள்படச் சில திட்டங்களை அறிவித்திருக்கிறது. அவர்கள் கேட்டது அது இல்லை.

காலையில் எங்கள் தெரு அக்காவிடம் கேட்டேன். "நம்ம மண்டலம் எப்பவோ போயிடுச்சுண்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார்.

24 ஆகஸ்ட்
எங்கள் கவுன்சிலர் தெருக்காரர்களைச் சந்தித்தார். இரவு எட்டரை மணி, டிபன் கடை வாசலில். கடைக்காரர்கள் வந்தோம், வாடகைக்குக் குடியிருக்கும் ஐ.டி. பசங்கள் இரண்டு பேர் தோசை சாப்பிட வந்து மாட்டிக்கொண்டார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டோம்.

முதல் விஷயம் குப்பைத்தொட்டி. முக்கு மின்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றேன். அங்கே வைத்தால் தீ பிடிக்கும் என்றார் சார், நியாயம். பள்ளிக்கூடச் சுவர் ஓரம் என்றார் ஒருவர், பிள்ளைகள் போகும் வழி என்று இரண்டு அம்மாக்கள் மறுத்தார்கள். தொட்டியே வேண்டாம், வீட்டு வாசலில் வண்டியில் மட்டும் கொடுப்போம் என்றார் தரைத்தள வீட்டுக்காரர். காலை ஏழு மணிக்கு நாங்கள் தூங்கிக்கொண்டிருப்போம் என்றார்கள் ஐ.டி. பசங்கள். மாலையில் ஒரு நடை வண்டி வந்தால் தொட்டியை எடுத்துவிடலாம் என்பதில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கொண்டோம். எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், மண்டலக் கூட்டத்தில் வைக்கிறேன் என்றார் கவுன்சிலர்.

ஜூஸ் கடைக்காரர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. தோல், சக்கை எல்லாம் இரவு பதினொரு மணிக்குத்தான் சேரும், தொட்டி இல்லாவிட்டால் எங்கே போடுவது என்கிறார். அவரிடம் நாளை மறுபடி பேச வேண்டும். அவர் கடைக்கும் உரிமம் இல்லை என்பதால் கூட்டத்தில் சத்தமாகப் பேசத் தயங்குகிறார் என்று நினைக்கிறேன். அவருடைய வீட்டுக்காரர் மாடியில்தான் இருந்தார், கீழே இறங்கி வரவில்லை.